ஐந்து பெயர்களுக்கு ஒரே முகம்

தேர்தல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, பழைய ஆள் என்ற முறையில் உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடமும் இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. ஏரி உடைந்த ஊரில் ஒரே காலைப்பொழுதில் வாக்குச்சாவடியை இடம் மாற்றியிருக்கிறேன். கல்லெறி நடந்த இடத்தில் கதவைச் சாத்தாமல் வாக்குப்பதிவை முடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட கதைகளைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கணினியில் முகத்தோடு முகத்தை ஒப்பிடும் மென்பொருள் இருக்கிறது. பட்டியலில் உள்ள எல்லாப் படங்களையும் அலசி, ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்தால் அது எடுத்துக் கொடுத்துவிடும். இனி விரல் ரேகையும் கண்ணும் வரும் என்கிறார்கள். வரட்டும். நான் இயந்திரத்தைக் குறை சொல்லப் போவதில்லை. என் விஷயத்தில் அது சொன்னது முழுக்க உண்மை.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் வருகிற பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப்பெயர் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் தொல்லை.

வாக்காளர் பட்டியலில் படம் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் நான் தேர்தல் துணை வட்டாட்சியர். பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டு, வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்தோம். எங்கள் பக்கத்து ஊர்களின் பாதிச் சனம் ஊரில் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். லாரியில் போனவர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள், குடும்பத்தோடு கேரளத்துக்கு வேலைக்குப் போனவர்கள். பெயர் இருக்கும், படம் எடுக்க ஆள் இருக்காது. முகாம் முடிந்தபோது பட்டியலின் நான்கு ஊர்ப் பாகங்களில் பதினோரு பெண்களுக்குப் படக் கட்டம் காலியாக இருந்தது. ஆண்களிலும் சிலர் இருந்தார்கள். அது இங்கே வேண்டாம்.

மாவட்டத்திலிருந்து தினமும் போன். நூற்றுக்கு நூறு வந்த வட்டங்களின் பெயரைக் கூட்டத்தில் வாசித்தார்கள். எங்கள் பெயரை வாசிக்கவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் அப்போது பக்கத்து அறையில் இருந்தார். கை நீட்டாதவர். ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர். கோப்பில் குறிப்பு எழுதுவதை அவரிடம்தான் படித்தேன். அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, காலியா இருந்தா மேல இருக்கறவன் பாப்பான். அங்க ஒரு மூஞ்சி இருந்தா எவன் உத்துப் பாக்கப் போறான்? இப்போதைக்கு எதையாச்சும் போட்டு அனுப்பு. ஆளுங்க வந்தா மாத்திக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதால் செய்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். அவரிடம் போகும்போதே எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

என் மேசையில் இருந்த படங்களில் ஒன்று மிகத் தெளிவாக விழுந்திருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயாத கூந்தலோடு, கண்ணிமைக்காமல் நேராகப் பார்த்த ஒரு பெண். பெயர் பாவாயி. நிழல் இல்லை, சாய்வு இல்லை, மென்பொருள் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பாத படம். அதைப் பதினோரு காலிக் கட்டங்களிலும் நானே ஏற்றினேன், என் பயனர் எண்ணில். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் எங்கள் வட்டத்தின் பெயரை வாசித்தார்கள்.

வருடங்கள் போயின. அந்தப் பெண்களில் சிலர் ஊர் திரும்பி, அட்டையில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டார்கள். சிலர் இறந்தார்கள், சிலர் இடம் மாறியதால் அவர்கள் பெயர் நீக்கப்பட்டது. நான்கு பேர் அந்த அட்டையை வாங்கவே இல்லை. நான் வேறு பிரிவுகளுக்குப் போய், பதவி உயர்ந்து, ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் அதே வட்டத்துக்கு வட்டாட்சியராக வந்தேன். உதவி வாக்காளர் பதிவு அலுவலர் பொறுப்பும் அதனோடு சேர்ந்தது.

வந்த இரண்டாவது வாரம் ஒத்த படங்களின் பட்டியல் வந்தது. ஐந்து பெயர்கள், நான்கு பாகங்கள், ஒரே முகம். ஈரக் கூந்தல். நேராகப் பார்க்கும் கண்.

ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கும். அதைச் சொடுக்கினால் எந்த நாளில், யார் எண்ணில் படம் ஏறியது என்று காட்டும். சொடுக்கினேன். பாவாயியின் பதிவு தவிர மற்ற நான்கிலும் என் எண். அடுத்தடுத்த நிமிடங்கள். மூடிவிட்டேன். வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்க வேண்டிய ஆள் நான்தான்.

களத்தில் போய் விசாரிக்கும் பொறுப்பு பாவாயியின் பாகத்து வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு. அங்கன்வாடிப் பணியாளர் அவர். மூன்று நாளில் நான்கு ஊர்களும் சுற்றிவிட்டு வந்தார். அறிக்கையில் இப்படி எழுதியிருந்தார்: 'பாவாயி என்பவர் ஒருவரே. கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். மற்ற நால்வரும் வேறு வேறு பெண்கள், நிஜமானவர்கள், தற்போது வெளியூரில் உள்ளனர். படம் அலுவலகத்தில் தவறாக ஏற்றப்பட்டிருக்கலாம்.'

கடைசி வரியில் என் விரல் நின்றது.

"இது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாதுங்க சார். வேற எப்படி ஆவும்னு யோசிச்சேன். அந்தம்மா நாலு ஊருக்குப் போயி நாலு பேர்ல உக்காந்திருக்க முடியாதுங்களே."

"நீங்க பாத்ததை எழுதுங்க. நினைச்சதை எழுத வேண்டாம்."

"பாத்தா அப்படித்தானுங்களே நினைக்கத் தோணுது" என்றார். பிறகு உட்கார்ந்து, கடைசி வரி இல்லாமல் வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னது நிர்வாகப் பாடம் போலவே ஒலித்தது. இன்றைக்கும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அதைக் குறிப்பிட்டு எழுதுகிறேன்.

பாவாயி உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வருவதில்லை. குழாய் போகும், தண்ணீர் போகாது. மகளிர் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்து நடந்து, கடைசியில் நாமே உட்கார்ந்தால்தான் குழாய் திறக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய தலைவர், நிலபுலம் உள்ள குடும்பம், தன் மனைவியை நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டார். எதிரே நிற்க இருந்தவள் பாவாயி ஒருத்திதான்.

விளக்கம் கேட்டு அவளுக்கு நான் அனுப்பிய நோட்டீசின் ஒரு நகலை விதிப்படி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். 'ஒரே நபர் ஐந்து இடங்களில் பதிவு செய்துள்ளதாகத் தெரியவருவதால்' என்று அது தொடங்கும். கண்ணாடி போட்டுப் பூட்டிய பலகை. உள்ளே ஒட்டியதை யாரும் கிழிக்க முடியாது.

மறுநாளே பழைய தலைவர் ஆட்சேபணை மனுவோடு என் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க ஆபீசர், ஒரு மூஞ்சிக்கு அஞ்சு ஓட்டாமா? எங்கூட்டுக்காரிக்கு இத்தன வருசமா ஒண்ணுதானுங்களே குடுத்தீங்க" என்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். மெல்லச் சிரித்தேன்.

விசாரணை நாளில் பாவாயி வந்தாள். பண்ணையில் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள், கூடக் குழுப் பெண்கள் நான்கு பேர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதானுங்க நான். மத்த நாலு ஊடு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

"உங்க படம் அங்க எப்படிப் போச்சு?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியோணும். படம் புடிச்சது நீங்கதான?"

அவள் அலுவலகத்தைச் சொன்னாள். என்னைச் சொல்லவில்லை. முகாமில் நானும் இருந்தது அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் பேச்சை அதற்கு மேல் போக நான் விடவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. எப்படிப் போச்சுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க சாமி."

எழுத்தர் அதைப் பதிந்தார். அன்று மாலைக்குள் உத்தரவு போட்டேன். 'எதிர்மனுதாரர் திருப்திகரமான விளக்கம் அளிக்கவில்லை. படம் ஐயத்துக்கு உரியதாக இருப்பதால் ஐந்து பதிவுகளும் நீக்கப்படுகின்றன. சம்பந்தப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம்.'

அவள் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கின் படத்தை மாற்ற உத்தரவு போட்டிருக்கலாம். நேர்மையான வழி அதுதான். அப்படிச் செய்தால் அந்த நான்கில் படம் எப்படித் தவறாக வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். ஐந்தையும் நீக்கினால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், பழைய வரலாறும் நீக்கப்பட்ட பதிவுகளோடு கீழே போய்விடும். எல்லோரையும் சமமாக நடத்தியது போலவும் இருக்கும். ஓய்வுக்கு முன் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வூதியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் மறுபடி விண்ணப்பித்தால் ஒரு மாதத்தில் பெயர் வந்துவிடும், பெரிய நட்டம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் மறுநாளே புது விண்ணப்பம் கொடுத்தாள். அதே வாரம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. புது விண்ணப்பத்தின் மேல் ஆட்சேபணைக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆறாவது நாள் பழைய தலைவர் ஆட்சேபணை கொடுத்தார். அதற்கு விசாரணை, அதற்கு நோட்டீஸ், அதற்கு நாள். விதிகள் எல்லாம் என் பக்கம் இருந்தன. வேட்பு மனுவுக்கான கடைசி நாள் நடுவில் கடந்துபோயிற்று.

பரிசீலனை நாளில் நடந்ததை அந்த அங்கன்வாடிப் பணியாளர்தான் வந்து சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே என் அறைக்கு வந்து நின்றபடி சொன்னார். பட்டியலில் பெயர் ஏறாமலே மனு கொடுத்திருந்த பாவாயி, வாக்காளர் அட்டையைத் தூக்கிக் காட்டினாளாம். பட்டியலில் பெயர் இல்லாதவர் வேட்பாளராக முடியாது, அட்டை செல்லாது என்று தேர்தல் நடத்தும் அலுவலர் சொன்னாராம். "அப்ப இதுல இருக்கறது யாருங்க?" என்று அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாளாம். அவர் மனுவைத் தள்ளுபடி செய்தாராம். பழைய தலைவரின் மனைவி போட்டியில்லாமல் தேர்வானார்.

"சொல்லணும்னு தோணுச்சு சார்" என்றார் அவர். வணக்கம் வைக்காமல் போனார்.

ஒரு வாரம் கழித்துப் பாவாயி தனியாக வந்தாள். இம்முறை உட்கார்ந்தாள்.

"எலக்சன் போனாப் போவுதுங்க. தண்ணி வராம நாங்க பழகிட்டம். ஊருக்குள்ள என்னைய அஞ்சு மூஞ்சின்னு கூப்புடறாங்க. கடைக்குப் போனா, 'எந்த மூஞ்சிக்குச் சாமான் வேணும்'ங்கறான். எம் புள்ளைக்குப் பேசி வச்ச எடத்துல, அந்தம்மா மேல ஏதோ கேசாமே, முடியட்டும்னுட்டாங்க. எம்மேல தப்பு இல்ல, ஆபீசுல நடந்துபோச்சுன்னு ஒரு தாள் எழுதி முத்திரை வச்சுக் குடுங்க சாமி. அது போதுமுங்க."

முத்திரை என் வலது கைப்பக்கம் இருந்தது. மை ஒற்றும் டப்பியின் மூடி திறந்தே இருந்தது.

"மேல எழுதிக் கேட்டிருக்கேம்மா. பதில் வரட்டும்" என்றேன்.

எழுதவில்லை. எதையும் எழுதியிருக்கவில்லை. அவள் நம்பினாள். கும்பிட்டுவிட்டு, "வாரேனுங்க" என்று போனாள். அதன்பின் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே பதில். நான்காவது முறை வருவதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது. மாலை போட்டார்கள். கறை படியாத கை என்று ஒருவர் பேசினார்.

ஓய்வுக்குப் பின் என்னைத் திருத்தியது எது என்று கேட்டால், பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வருடம் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். கருவி என் முகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. வெளிச்சம் சரியில்லை, நேராகப் பாருங்கள், கண்ணிமைக்காதீர்கள் என்று கருவியை வைத்திருந்த பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். நேராகப் பார்த்து, கண்ணிமைக்காமல், நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் இது நீங்கள் இல்லை என்றது. ஐந்தாவது முறை எடுத்துக்கொண்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் பாவாயி கேட்ட அந்தத் தாளை எழுதினேன்.

ஒரு பக்கம்தான் வந்தது. என் பெயர், அன்று வகித்த பதவி, படத்தை ஏற்றியது நான், தெரிந்தே நீக்கியது நான், பாவாயியின் மேல் குற்றம் இல்லை. கையெழுத்துப் போட்டு, ஒன்றை மாவட்டத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கோழிப்பண்ணைக்குப் போனேன்.

முட்டை பொறுக்கும் நேரம். தலையில் துணி கட்டிக்கொண்டு, கூண்டு வரிசைக்கு நடுவே தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "பதில் வந்திருச்சுங்களா?" என்றாள். அதைக் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தாளை நீட்டினேன். கை எல்லாம் தூசியாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றாள். மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள். கோழிகளின் சத்தத்தில் கேட்காது என்று நான் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்ததும் பாவாயி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, அன்னைக்கு என்னைய நிக்க வச்சுக் கேட்டீங்களே, எப்படிப் போச்சுன்னு. அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்மா."

"எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான கேட்டீங்க?"

"ஆமா."

அவள் வண்டியில் இருந்த முட்டை அட்டையைச் சரிசெய்தாள். உடைந்த ஒரு முட்டையை எடுத்துத் தனியே போட்டாள்.

"இது எனக்கு வேண்டாங்க. நான் செய்யலன்னு எனக்குத் தெரியுமே. அந்த நோட்டீச எந்தப் பலகையில ஒட்டுனீங்களோ அதுலயே இதையும் ஒட்டுங்க. கண்ணாடிக்குள்ள. ஊரு படிக்கட்டும்."

புது விண்ணப்பப் படிவமும் கொண்டு போயிருந்தேன். மறுபடி பெயரைச் சேர்த்துவிடலாம், ஒரு படம் மட்டும் கொடுங்கள் என்றேன்.

"அது பலகையில ஏறுற வரைக்கும் எம் மூஞ்சி உங்களுக்குக் கெடையாதுங்க" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கிருந்து நேராக ஊராட்சி அலுவலகம். தலைவர் நாற்காலியில் பழைய தலைவர் உட்கார்ந்திருந்தார், மனைவிக்குப் பதிலாக. தாளை முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரிட்டையர் ஆனவங்க ஒட்டறதுக்கு இது ஊட்டுச் செவுரு இல்லீங்களே. அரசாங்கப் பலகை. ஆபீஸ் முத்திரையோட வாங்க, நானே ஒட்டறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். விதிப்படியும் அதுதான் சரி.

மாவட்டத்திலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பாவாயியின் பெயர் இன்றுவரை பட்டியலில் இல்லை. இடையில் ஒரு பெரிய தேர்தல் வந்தது. வாக்களிக்க அவள் போகவில்லை.

உங்களில் யாரோ ஒருவருக்கு அந்த வட்டத்தில் பணி கிடைக்கும். என் மனு அங்கே ஏதோ ஒரு அடுக்கில் கிடக்கும். நீக்கப்பட்ட பதிவுகளைத் திறக்க உங்களுக்கு அனுமதி உண்டு. ஈரக் கூந்தலோடு நேராகப் பார்க்கும் ஒரு பெண்ணின் படம் ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் வரலாற்றைச் சொடுக்குங்கள். என் எண் வரும். பார்த்ததை எழுதுங்கள். பார்த்தபின் நினைத்ததையும் எழுதுங்கள். எழுதி, முத்திரை வைத்து, அந்தப் பலகையின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.